பொட்டோமாக் ஆற்றங்கரைப் பாதை: நடந்து நடந்தே காப்பாற்றிய கதை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு பழைய பகுதி உண்டு. அங்குள்ள கடைத்தெருவுக்குப் பின்புறம் ஒரு கால்வாய் இருக்கிறது. அதன் கரையோடு ஒரு மண்பாதை புறப்படுகிறது. பொட்டோமாக் ஆற்றை விட்டுப் பிரியாமல், அதன் வளைவுகளோடு வளைந்து, மேரிலாந்து மாநிலத்தின் மலையடிவார ஊரான கம்பர்லாந்து வரை செல்கிறது. மொத்தம் 184.5 மைல், அதாவது சுமார் 297 கிலோமீட்டர். வழி நெடுக நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், பறவை பார்க்க வருகிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள். கார் மட்டும் கிடையாது.

ஆனால் 1950-ம் ஆண்டு அரசு போட்ட கணக்குப்படி நடந்திருந்தால், இந்த இடத்தில் இன்று கார்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும்! அந்தச் சாலை ஏன் வரவில்லை, பாதை எப்படிப் பிழைத்தது என்பது சுவையான வரலாறு. இதைச் சொல்லும்போது எல்லோரும் ஒரு நீதிபதியின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் பங்கு பெரியதுதான். ஆனால் கதை அவரோடு முடியவில்லை.

கால்வாய் வந்த கதை

1828-ம் ஆண்டு ஜூலை 4-ம் தேதி. அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்றைய குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டியால் மண்ணைக் கொத்தி, செசபீக் - ஒஹையோ கால்வாய்க்கான வேலையைத் தொடங்கி வைத்தார். வாஷிங்டனில் இருந்து மலைகளைத் தாண்டி ஒஹையோ ஆறு வரை படகில் சரக்கு கொண்டுபோக வேண்டும் என்பது திட்டம்.

வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் பக்கத்து நகரமான பால்டிமோரில் ஒரு ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாய்க்கும் ரயிலுக்கும் போட்டி. ரயில் 1842-லேயே கம்பர்லாந்தை அடைந்துவிட்டது. கால்வாய் வந்து சேர்ந்தபோது ஆண்டு 1850. எட்டு ஆண்டு தாமதம்! அதற்கு மேல் ஒஹையோ வரை வெட்டும் எண்ணத்தைக் கைவிட்டார்கள்.

வேலை எளிதானதாக இல்லை. கம்பர்லாந்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே தரைமட்டம் 605 அடி இறங்குகிறது. படகைப் படிப்படியாக ஏற்றி இறக்க 74 நீர்ப்பூட்டுகள் கட்டினார்கள். இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டிதான் நீர்ப்பூட்டு. உள்ளே படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும், வடித்தால் கீழே இறங்கும். குறுக்கே வந்த சிற்றாறுகளின் மேல் கால்வாயையே கொண்டுபோக 11 தொட்டிப்பாலங்கள் எழும்பின. பாபா என்னும் இடத்தில் ஆறு பெரிதாக வளைந்து வளைந்து போவதால், மலையையே குடைந்து 3,118 அடி நீளச் சுரங்கம் போட்டார்கள். அதை முடிக்க மட்டும் 14 ஆண்டுகள் ஆயின. இந்த வேலைகளில் அயர்லாந்தில் இருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் ஏராளம். 1832-ல் பரவிய காலராவில் அவர்களில் பலர் மாண்டுபோனார்கள்.

படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்தன. அவை நடப்பதற்காகக் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பாதை போட்டார்கள். இன்று மக்கள் நடக்கும் பாதை அதுதான்.

வெள்ளம் கொண்டுபோனது

ஆற்றை ஒட்டி வெட்டிய கால்வாய்க்கு ஆறே பகை. 1889-ம் ஆண்டு பெருவெள்ளத்தில் கரைகள் உடைந்து கால்வாய் நிறுவனம் நொடித்துப்போனது. பழைய போட்டியாளரான ரயில் நிறுவனத்தின் பிடிக்குள் கால்வாய் போனது. அதன்பிறகும் நிலக்கரிப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. 1924-ல் இன்னொரு வெள்ளம் வந்தது. அத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. கால்வாயில் மரம் முளைத்தது, நீர்ப்பூட்டுக் கதவுகள் உளுத்துப்போயின.

1938-ல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் கொடுத்து இதை ரயில் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லா இளைஞர்களுக்காக அரசு நடத்திய முகாம்களில் இரண்டு இங்கே அமைந்தன. அவற்றில் இருந்தவர்கள் கறுப்பின இளைஞர்கள். இன ஒதுக்கல் நடைமுறையில் இருந்த காலம் என்பதால் அவர்களுக்குத் தனி முகாம். வாஷிங்டனை ஒட்டிய சுமார் 22 மைல் தூரத்தை அவர்கள்தான் சீர்செய்தார்கள். கரையைக் கட்டினார்கள், பாதையைச் சமன் செய்தார்கள், மீண்டும் தண்ணீர் விட்டார்கள். பாதையின் கதையில் இவர்கள் அதிகம் பேசப்படுவதில்லை என்றாலும், மக்கள் நடக்கத்தக்க பாதையாக அதை முதலில் ஆக்கிக் கொடுத்தது இவர்கள் கைகளே.

1942-ல் மறுபடியும் வெள்ளம்! சீர்செய்த பகுதியிலும் பெரும் சேதம். உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். மேலே இருந்த 160 மைலைப் பற்றிக் கவலைப்பட அப்போது யாருக்கும் நேரமில்லை.

கார் சாலைத் திட்டம்

போர் முடிந்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கார் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் போய் இயற்கைக் காட்சி பார்ப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு ஆனது. பாழடைந்த கால்வாயை மூடி அதன் மேல் ஓர் அழகான சாலை போட்டால் என்ன என்ற யோசனை எழுந்தது. 1948-ல் நாடாளுமன்றம் ஆய்வுக்கு அனுமதி கொடுத்தது. 1950-ல் வந்த அறிக்கை சாலை போடலாம் என்றது.

இதைக் கொண்டுவந்தவர்கள் இயற்கையின் விரோதிகள் அல்லர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. தேசியப் பூங்காத் துறையே இதை ஆதரித்தது. ஆற்றின் அழகை அதிகம் பேர் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சாலை வந்தால் வியாபாரம் பெருகும் என்று மேற்கு மேரிலாந்து ஊர்க்காரர்கள் பலரும் எதிர்பார்த்தார்கள். 1954 ஜனவரி 3-ம் தேதி 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழும் சாலையை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

நீதிபதியின் சவால்

வில்லியம் ஓ. டக்ளஸ் அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. வயது 55. சிறுவயதில் வந்த கடும் நோயால் கால்கள் பலவீனமாக இருந்தவர். வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளில் ஏறி இறங்கியே கால்களுக்கு வலு சேர்த்தவர். தலைநகருக்கு வந்த பிறகும் ஓய்வு நாட்களில் இந்தக் கால்வாய்க் கரையில் நடப்பது அவர் வழக்கம்.

தலையங்கத்தைப் படித்த அவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். 1954 ஜனவரி 19-ம் தேதி அது வெளியானது. கடிதத்தின் சாரம் இதுதான்: இது அமைதிக்கான இடம், காரின் ஓசை இல்லாத இடம், தலையங்கம் எழுதியவர் என்னோடு வந்து முழு தூரமும் நடந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும்.

பத்திரிகை சவாலை ஏற்றுக்கொண்டது! ஆசிரியர் குழுவைச் சேர்ந்த மெர்லோ பியூசி, ராபர்ட் எஸ்டபுரூக் இருவரும் வருவதாக அறிவித்தார்கள். செய்தி பரவியதும் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்துகொண்டார்கள். காடுகளைக் காக்கும் அமைப்பு ஒன்றின் தலைவரும் விலங்கியல் அறிஞருமான ஒலாஸ் மியூரி அவர்களில் ஒருவர்.

எட்டு நாள் நடை

1954 மார்ச் 20-ம் தேதி கம்பர்லாந்துப் பக்கத்தில் இருந்து நடை தொடங்கியது. மார்ச் 27-ம் தேதி வாஷிங்டனில் முடிந்தது. நீதிபதியின் நடை வேகத்துக்கு ஈடுகொடுப்பது பலருக்குப் பெரும்பாடாக இருந்தது. கால்களில் கொப்புளம் கிளம்பிச் சிலர் விலகினார்கள். பத்திரிகைக்காரர்களாலும் முழுவதும் நடக்க முடியவில்லை. வழியில் புதிதாகப் பலர் சேர்ந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் போனார்கள். தொடக்கம் முதல் கடைசி வரை நடந்தவர்கள் டக்ளஸோடு சேர்த்து ஒன்பது பேர் மட்டுமே.

அந்த ஒன்பது பேரின் புகழுக்கு நடுவில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. இத்தனை பேர் எட்டு நாள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள்? ஆற்றங்கரையில் இருந்த வேட்டைக்காரர்கள் சங்கங்களும் மீன்பிடிப்போர் சங்கங்களும் தங்கள் கட்டடங்களைத் திறந்துவிட்டன, சாப்பாடு போட்டன. ஊர்க்காரர்கள் வழியில் நின்று வரவேற்றார்கள். அவர்களுக்கு அது காட்சிப் பொருள் அல்ல, அன்றாடம் புழங்கும் ஆறு.

நடை முடிந்த சில நாட்களில் 'வாஷிங்டன் போஸ்ட்' மறுபடி ஒரு தலையங்கம் எழுதியது. சாலை வேண்டும் என்ற கருத்தை முழுவதும் விட்டுவிடவில்லை. ஆனால் கால்வாயின் பல பகுதிகளில் சாலை வரக்கூடாது என்று ஒப்புக்கொண்டது. நேரில் நடந்து பார்த்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டதை வெளிப்படையாக எழுதியது பாராட்ட வேண்டிய செயல்தான்.

நடை முடிந்தது, வேலை தொடங்கியது

பலர் நினைப்பது போல அந்த ஒரு நடையால் பாதை தப்பித்துவிடவில்லை. நடந்தவர்கள் கலைந்து போகாமல், டக்ளஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 1957-ல் அது கால்வாய்ச் சங்கமாக மாறியது. இதற்கிடையே 1956-ல் பூங்காத் துறை சாலைத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் சாலை வராது என்பது வேறு, பூங்கா வரும் என்பது வேறு. பொட்டோமாக்கின் குறுக்கே அணைகள் கட்டும் யோசனைகளும் அந்த ஆண்டுகளில் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தன. அணை எழுந்தால் கால்வாயின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும்.

சங்கத்தினர் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் டக்ளஸோடு கூடி நடந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார்கள். விசாரணைக் குழுக்கள் முன் சாட்சி சொன்னார்கள். 1961 ஜனவரி 18-ம் தேதி, பதவி விலகுவதற்கு இரண்டு நாள் முன்பு, குடியரசுத் தலைவர் ஐசனோவர் கால்வாயின் மேல்பகுதியைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் செய்ததால் அங்கே எரிச்சல் கிளம்பியது. பூங்காச் சட்டம் நிறைவேற இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1971 ஜனவரி 8-ம் தேதி குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட்ட பிறகே இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. நடைக்கும் சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 17 ஆண்டுகள்!

இந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. பூங்காவை அகலப்படுத்த, ஆற்றங்கரையில் நிலமும் குடிசையும் வைத்திருந்தவர்களிடமிருந்து அரசு நிலத்தை வாங்கியது. குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து இருக்கலாம் என்ற சலுகை இருந்தது. ஆனாலும் தலைமுறையாக இருந்த இடத்தை விட்டுப் போனவர்களுக்கு அது மனக்கசப்புதான். பொதுமக்களுக்கான பாதை என்று சொல்லும்போது, அந்தப் பொதுமக்களில் அவர்களும் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது.

1977-ல் பூங்கா டக்ளஸின் பெயரால் அர்ப்பணிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1980 ஜனவரியில் அவர் காலமானார்.

ஆளுக்கு ஒரு துண்டு

பூங்கா ஆகிவிட்டது. இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று சங்கம் கலைந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 184.5 மைலைக் கண்காணிக்கும் அளவுக்குப் பூங்காத் துறையிடம் ஆட்கள் இல்லை. காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் அது யார் கண்ணிலாவது பட வேண்டும் அல்லவா?

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. ஒரு நீர்ப்பூட்டுக்கும் அடுத்த நீர்ப்பூட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் படகோட்டிகள் 'லெவல்' என்று அழைப்பார்கள். இடையில் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருப்பதால் அந்தப் பெயர். சங்கம் பாதையை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஓர் உறுப்பினரிடம் ஒப்படைத்தது. இவர்களுக்கு 'லெவல் வாக்கர்கள்' என்று பெயர்.

லெவல் வாக்கரின் வேலையில் வீரம் எதுவும் இல்லை. கையில் ஒரு பையோடு தன் துண்டை நடந்து முடிக்க வேண்டும். குப்பையைப் பொறுக்க வேண்டும். எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, எங்கே மதகு அடைத்திருக்கிறது, எந்தச் சுவரில் கல் பெயர்ந்திருக்கிறது என்று குறித்து எழுதி அனுப்ப வேண்டும். அடுத்த முறை வந்து அதே இடத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒரே இடத்தை ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்ப்பதால், போன முறை இல்லாத விரிசல் இந்த முறை கண்ணில் படும். இவர்களைத் தவிர சைக்கிளில் ரோந்து வந்து, வழி தவறியவர்களுக்கும் டியூப் பஞ்சரானவர்களுக்கும் உதவும் தன்னார்வலர்களும் பாதையில் உண்டு.

ஆறு விடவில்லை

1972 ஜூனில் ஆக்னஸ் புயல் பெரும் சேதத்தைக் கொண்டுவந்தது. 1985 நவம்பரில் மீண்டும் வெள்ளம். 1996-ல் ஒரே ஆண்டில் இரண்டு வெள்ளம்: ஜனவரியில் பனி உருகியும் மழை பெய்தும் ஒன்று, செப்டம்பரில் ஃபிரான் புயலால் இன்னொன்று. பாதை பல இடங்களில் அடையாளம் தெரியாமல் போனது.

அந்த ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமான தன்னார்வலர்கள் மண்வெட்டியும் கையுறையுமாக வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள், காசும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1996 ஏப்ரல் 22, புவி நாளன்று குடியரசுத் தலைவர் கிளிண்டனும் துணைத் தலைவர் அல் கோரும் கிரேட் ஃபால்ஸ் பகுதிக்கு வந்து வெள்ளம் ஒதுக்கிய குப்பைகளை அகற்றினார்கள். படம் பிடிக்கத்தான் வந்தார்கள் என்று சொல்பவர்கள் சொல்லலாம். ஆனால் கேமராக்கள் போன பிறகும் சங்கத்துக்காரர்கள் அங்கேயே இருந்தார்கள்.

தன்னார்வத்தால் எல்லாம் முடியுமா? முடியாது என்பதற்கு மொனாக்கசி தொட்டிப்பாலம் உதாரணம். 1833-ல் கட்டி முடித்த, ஏழு வளைவுகளும் 516 அடி நீளமும் கொண்ட இந்தப் பாலம் 1972 வெள்ளத்தில் ஆட்டம் கண்டது. இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டி விழாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். 1998-ல் அது அழியும் ஆபத்தில் உள்ள வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. சங்கத்தினர் நிதி திரட்டினார்கள். ஆனால் நூறு தன்னார்வலர்கள் சேர்ந்தாலும் கல் பாலத்தை நிமிர்த்திவிட முடியாது. அதற்குப் பொறியாளர்கள் வேண்டும், அரசுப் பணம் வேண்டும். அந்தப் பணம் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் சங்கத்தின் வேலை. 2005-ல் பாலம் சீர்செய்யப்பட்டது. 1973-ல் இடிந்து விழுந்த கட்டோக்டின் தொட்டிப்பாலம் 2011-ல் மீண்டும் எழுந்தது. வெள்ளம் அறுத்துக்கொண்டு போன பிக் ஸ்லாக்வாட்டர் என்னும் பகுதியில், ஆற்றோரப் பாறையை ஒட்டிப் புதிய பாதை 2012-ல் திறக்கப்பட்டது. அதுவரை நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஊர்ச் சாலைகளில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

காரை வேண்டிய ஊர்கள்

2007-ல் பூங்காவுக்குத் துணையாக ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. நீர்ப்பூட்டுக் காவலர்கள் ஒரு காலத்தில் குடியிருந்த சிறு வீடுகளில் சிலவற்றைப் புதுப்பித்து, பயணிகள் இரவு தங்குவதற்கு அது கொடுக்கிறது. அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்வதிலும் தன்னார்வலர்களின் பங்கு உண்டு. வசந்த காலத்தில் ஊர் ஊராகக் கூடி வேலிக்கு வண்ணம் அடிப்பதும், புதர் வெட்டுவதும் நடக்கிறது.

2013-ல் கம்பர்லாந்தில் இருந்து பிட்ஸ்பர்க் வரையிலான மற்றொரு பாதையும் முழுமை அடைந்தது. கால்வாய் போய்ச் சேர முடியாத ஒஹையோ ஆற்றுக்கு இன்று சைக்கிளில் போய்விடலாம்! அந்தப் பயணிகளை நம்பிக் கரையோர ஊர்களில் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் சைக்கிள் கடைகளும் நடக்கின்றன. கார் வந்தால் வியாபாரம் வரும் என்று 1950-களில் காத்திருந்த அதே ஊர்கள்தான் இவை. கார் வராததால் வந்த வியாபாரம் இது.

ஒன்பது பேர் நடந்தது வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அந்த நடையை நினைவுகூர்ந்து சங்கத்தினர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு தூரமும் நடக்கிறார்கள். ஆனால் பாதையை இன்றுவரை பாதையாக வைத்திருப்பது, ஒரு சாதாரண சனிக்கிழமை காலையில் குப்பைப் பையோடு தன் துண்டை நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நான்கு வரி அறிக்கை எழுதுகிற யாரோ ஒருவர்தான். பொட்டோமாக் மறுபடியும் பெருகும். அப்போது முதலில் போய்ப் பார்க்கப்போவதும் அவராகத்தான் இருக்கும்.